பனியன் புதைத்த கதையும் சின்ன நிதியும்

"என்ன கண்ணு, பனியனுக்குக் காரியம் பண்றியா?" என்று பெரியப்பா கேட்டார். போன ஐப்பசியில், காங்கேயம் பக்கத்தில் அவருடைய காட்டில் குழி தோண்டிக்கொண்டு இருந்தேன். கையில் திருப்பூரில் வாங்கிய பருத்திப் பனியன் துணி, பத்து சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிய 20 துண்டுகள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விவசாயிகள் பருத்தி உள்ளாடையை இரண்டு மாதம் மண்ணில் புதைத்து எடுத்துப் பார்க்கிறார்கள். பருத்தி என்பது கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ். மண்ணில் பூஞ்சையும் பாக்டீரியாவும் சுறுசுறுப்பாக இருந்தால் தின்றுவிடும். எலாஸ்டிக் பட்டை மட்டும் மிஞ்சும்.

பெரியப்பாவுக்கு ஒரு நிஜமான கேள்வி இருந்தது. ஒரு காட்டில் வருஷா வருஷம் ஆட்டுக்கிடை போடுகிறார், எங்க ஊர்ப் பேச்சில் பட்டி அடைக்கிறது. பக்கத்துக் காட்டில் வெறும் யூரியாவும் டி.ஏ.பி.யும்தான். கிடைக்காரர் ஒரு ராத்திரிக்குக் கேட்கும் கூலி ஏறிக்கொண்டே போகிறது. "இது பிரயோஜனமா, இல்ல பழக்கத்துக்குச் செய்யறனா?" என்பது அவர் கேள்வி. நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ. ஆனாலும் அளந்து பார்த்துடலாம் என்று சொல்லிவிட்டேன்.

காட்டுக்குப் பத்துத் துண்டு. ஒவ்வொன்றையும் எடைபோட்டு, நைலான் வலைப்பையில் போட்டு, 15 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தேன். 60 நாள் கழித்துத் தோண்டினேன். காட்டுக்கு ஒன்று காணாமல் போயிருந்தது. மீதியை அலசிக் காயவைத்து மறுபடி எடை. கிடை போட்ட காட்டில் சராசரியாக 46 சதவீதம் எடை போயிருந்தது, மற்றதில் 38.

உடனே போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம், ஒரே காட்டுக்குள் ஒரு துண்டு 20 சதவீதம்தான் கரைந்திருக்கிறது, அதிலிருந்து முப்பதடி தள்ளி இன்னொன்று 70 சதவீதம். திட்ட விலக்கம் 15 வருகிறது. அந்தச் சிதறலுக்கு முன்னால் 8 என்ற வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கலாம்.

இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. சிதறலை, நீங்கள் பிடிக்க நினைக்கும் வித்தியாசத்தால் வகுத்து, வர்க்கம் எடுத்து, 16-ஆல் பெருக்குங்கள். 15-ஐ 8-ஆல் வகுத்தால் 1.875, அதன் வர்க்கம் 3.5, பதினாறால் பெருக்கினால் 56. காட்டுக்கு 56 துண்டு புதைத்தால்தான், அந்த வித்தியாசம் நிஜமாக இருக்கும் பட்சத்தில், ஐந்துக்கு நான்கு தடவை நம் கண்ணில் படும். வித்தியாசம் பாதியாக இருந்தால் நாலு மடங்கு துண்டு வேண்டும். அப்போதும் தெரிவது இந்த இரண்டு காட்டைப் பற்றி மட்டும்தான். ஆட்டுக்கிடை பற்றிப் பொதுவாகப் பேசவேண்டும் என்றால் இருபது முப்பது பேருடைய காடு வேண்டும்.

மொத்தச் செலவு, பெட்ரோல் சேர்க்காமல், 2,800 ரூபாய். அதில் நான் வாங்கியது பதில் இல்லை. பதிலுக்கு எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடு. சர்வர் வாங்குவதற்கு முன்னால் லோட் டெஸ்ட் ஓட்டுகிற மாதிரி.

ஆரம்பகட்ட ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் சின்ன நிதிகளின் வேலையே இதுதான் என்று நினைக்கிறேன். பெரிய நிதி கேட்டுப் போனால் முதற்கட்டத் தரவு எங்கே என்பார்கள். விதியில் கட்டாயம் என்று இல்லாத இடத்தில்கூட, மதிப்பிடுகிறவர் அதைத்தான் தேடுவார். தரவு எடுக்கப் பணம் வேண்டும், பணத்துக்குத் தரவு வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

இந்த முடிச்சை அவிழ்க்க 2020 ஏப்ரலில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. பொருளாதாரப் பேராசிரியர் டைலர் கோவன், ஸ்ட்ரைப் நிறுவனத்தின் பாட்ரிக் காலிசன், உயிரியலாளர் பாட்ரிக் ஷூ மூவரும் கொரோனா ஆய்வுகளுக்காக ஃபாஸ்ட் கிராண்ட்ஸ் தொடங்கினார்கள். அரை மணி நேரத்தில் நிரப்பக்கூடிய விண்ணப்பம், 48 மணி நேரத்தில் முடிவு, 10,000 டாலரிலிருந்து 5 லட்சம் டாலர் வரை. யேல் பல்கலைக்கழகத்தின் எச்சில் பரிசோதனை முறைக்கு ஆரம்பத்தில் கைகொடுத்த நிதிகளில் இதுவும் ஒன்று. பிறகு நிதி வாங்கியவர்களிடமே ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். 57 சதவீதம் பேர் தங்கள் நேரத்தில் கால்பங்குக்கு மேல் நிதி விண்ணப்பங்களுக்கே போகிறது என்றார்கள். பணத்தை இஷ்டப்படி செலவழிக்க விட்டால் ஆராய்ச்சியையே வெகுவாக மாற்றிவிடுவோம் என்றவர்கள் 78 சதவீதம். எனக்கு இரண்டாவது எண்தான் உறுத்துகிறது. நேரம் வீணாவதைவிட, கேள்வியே மாறிப்போவது மோசம்.

நம் பக்கம் ஒரு அனுபவம். நண்பரின் மகள், மண் நுண்ணுயிரியலில் ஆய்வு மாணவி. ஒரு அலுவலகத்துக்கு 1,20,000 ரூபாய் கேட்டு விண்ணப்பிக்க நான் உதவினேன். 14 இணைப்புகள். மூன்று வாரம் போனது. பதினோரு மாதம் கழித்து "பரிசீலனையில் உள்ளது" என்று கடிதம் வந்தபோது, அந்தப் பெண் ஆய்வை விட்டுவிட்டு மருந்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. எழுதினவருடைய மூன்று வாரச் சம்பளம், படித்துப் பார்த்தவர்களின் நாட்கள் எல்லாவற்றையும் கூட்டினால், கேட்ட தொகையில் பாதி அங்கேயே செலவாகியிருக்கும். சின்னத் தொகைக்குப் பெரிய பரிசோதனை வைத்தால் அது சின்ன நிதி இல்லை, சின்னக் கூலி.

இந்தியாவில் உயிரியல் பக்கம் கதவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையின் கீழ் 2012-ல் உருவான பைராக் அமைப்பின் 'பிக்' திட்டம் 18 மாதத்துக்கு 50 லட்சம் வரை தருகிறது. ஆனால் அது சந்தைக்குப் போகக்கூடிய யோசனைக்கு. மண் சென்சார், உயிர் உரம் என்றால் பொருந்தும். ஆட்டுக்கிடையை யார் பேட்டன்ட் எடுக்கப் போகிறார்கள்?

மண்ணுக்கு இன்னொரு தனிச் சிக்கல், அது மெதுவானது. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 விஷயங்கள் அளக்கிறார்கள். பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று. மண்ணில் உயிர் இருக்கிறதா என்பதற்குக் கிட்டத்தில் வருவது அதில் அங்ககக் கரிமம் ஒன்றுதான். அதைப் பொதுவாக அளப்பது 1934-ல் வந்த வாக்லி-பிளாக் முறையில். டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து எரிப்பார்கள். முழுக் கரிமமும் எரியாது, 77 சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டு விடையை 1.3-ஆல் பெருக்குவார்கள். எல்லா மண்ணுக்கும் அந்த 1.3 சரியாக இருக்காது.

இப்போது கணக்குப் போடுங்கள். 2015 பாரிஸ் மாநாட்டின்போது பிரான்ஸ் ஒரு முன்னெடுப்பை அறிவித்தது: மண்ணின் கரிமம் ஆண்டுக்கு ஆயிரத்தில் நான்கு பங்கு கூடவேண்டும். பெரியப்பா காட்டில் கரிமம் 0.5 சதவீதம் என்று வைத்தால், அந்த வேகத்தில் ஒரு வருஷம் கழித்து 0.502. ஐந்து வருஷம் கழித்து 0.51. அளவுப் பிழையும் காட்டுக்குள் இருக்கும் சிதறலும் இதை அப்படியே விழுங்கிவிடும். 18 மாத நிதியில் இதற்குப் பதில் வராது, எத்தனை லட்சம் கொடுத்தாலும்.

பதில் வந்த இடங்கள் வேறு மாதிரி. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் பிராட்பாக் வயல் 1843 முதல் ஓடுகிறது. ஆரம்பித்த ஜான் லாஸ் சூப்பர் பாஸ்பேட் விற்ற பணத்தைப் போட்டார். உர வியாபாரியின் காசில் உர ஆராய்ச்சியா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் தொழு உரம் போட்ட பாத்தியையும் அவர் பக்கத்திலேயே வைத்திருந்தார். நம் கோயம்புத்தூரில் நிரந்தர உரப் பரிசோதனை 1909-ல் தொடங்கியது. காங்கேயத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போகிற தூரம். எனக்கு நாற்பது வயது தாண்டித்தான் தெரிந்தது.

அப்படியென்றால் மண்ணில் சின்னப் பணத்துக்கு என்ன வேலை? ஒன்று, சிதறலை அளப்பது, நான் பனியனை வைத்துச் செய்த மாதிரி. இன்னொன்றை ராதம்ஸ்டெட் செய்தது: மண்ணைக் காயவைத்துப் பாட்டிலில் அடைத்து வைத்தார்கள். பயிர் மாதிரியும் மண் மாதிரியுமாக இன்று மூன்று லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய ரேடியோகார்பன் மண்ணுக்குள் எப்படிப் போனது என்பதை, பிற்பாடு அந்தப் பாட்டில்களை வைத்துத்தான் பார்த்தார்கள். மண்ணில் கரிமம் எத்தனை காலம் தங்கும் என்று கணிக்கும் அவர்களுடைய மாதிரிக்கு அது முக்கியமான தரவு. ஆரம்ப காலத்தில் அடைத்தவர்களுக்கு ரேடியோகார்பன் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு பாட்டிலுக்கு என்ன பெரிய செலவு?

பெரியப்பாவிடம் உண்மையைச் சொன்னேன்: இன்னும் தெரியவில்லை, கிடை போடுங்கள், ஆனால் நான் குச்சி நட்ட பாதியில் மட்டும் வேண்டாம். "ரெண்டு மாசம் காத்திருந்ததுக்கு இதுதானா?" என்றார். ஆனால் குச்சியைப் பிடுங்கவில்லை.

இந்தத் தை மாதம் நாற்பது இடத்தில் மண் எடுத்து, நிழலில் உலர்த்தி, தேதியும் இடமும் எழுதி ஒட்டிச் சாமான் அறையில் அடுக்கியிருக்கிறேன். எல்லாம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். ஊறுகாய் போடும் சீசனுக்கு முன்னால் திருப்பித் தரவேண்டும் என்பது பெரியம்மாவின் நிபந்தனை.