பொய்ப்போரும் மெய்ப்பாடும்

மற்போரைப் பற்றி எழுதப் பண்டிதருக்கு என்ன தகுதி என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். வினா நியாயமானதே. யான் பிராசீன பாடசாலை ஒன்றிலே தொல்காப்பியமும் நன்னூலும் பாடஞ் சொல்லிக் காலங் கழிப்பவன். வயது ஐம்பதைக் கடந்தவன். வாழ்நாளில் ஒருவரையேனும் தள்ளி வீழ்த்தியவன் அல்லேன். எனினும், இங்கிலாந்திலே சனிக்கிழமைதோறும் பின்னேரம் நான்கு மணிக்குத் தொலைக்காட்சியில் நிகழ்ந்த மற்போரைப் பற்றிப் பேசும் உரிமை எனக்குச் சிறிது உண்டு. அவ்வுரிமை நீலநிற வான்கடிதங்களின் வழியாக வந்தது.

என் தந்தையாரின் இளவலை நாங்கள் சின்னையா என்போம். அவர் 1973 ஆம் ஆண்டிலே படிப்பதற்கென்று இலண்டன் சென்றார். படிப்பு நின்றது, வேலை நிலைத்தது. இரவிலே தொழிற்சாலை, பகலிலே ஓர் ஆங்கில மூதாட்டியின் வீட்டு மேன்மாடத்து அறையில் உறக்கம். மாதத்துக்கு இரண்டு கடிதம் வரும். தொடக்கத்திலே நலம் விசாரிப்பு. முடிவிலே காசு அனுப்பிய விவரம். இவ்விரண்டுக்கும் நடுவே, மடிப்பின் ஓரம்வரை நெருக்கி எழுதப்பட்டிருப்பது அச்சனிக்கிழமை நடந்த மற்போர்.

தந்தையார் கடிதத்தை உரக்க வாசிப்பார். அப்பாச்சி திண்ணையிலிருந்து பாக்கு இடித்தபடி கேட்பார். யான் தூணைக் கட்டிக்கொண்டு நிற்பேன். எனக்கு வயது அப்போது ஒன்பது, பத்து. இலங்கையிலே தொலைக்காட்சி தொடங்கியதே 1979 ஆம் ஆண்டிலேதான். எங்கள் கிராமத்துக்கு அது வந்து சேர மேலும் காலஞ் சென்றது. காணாத பெட்டிக்குள் காணாத மல்லர் பொருவதை நாங்கள் மூவரும் திண்ணையிலிருந்தே கண்டோம்.

அந்நிகழ்ச்சியின் வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொல்லவேண்டும். பிரித்தானியாவில் ஐ.ரி.வி. என்னும் வணிகத் தொலைக்காட்சி தொடங்கிய 1955 ஆம் ஆண்டிலேயே மற்போரும் அதில் இடம்பெற்றது. 1965 தைமாதத்தில் 'வேள்ட் ஒவ் ஸ்போட்' என்னும் சனிக்கிழமை விளையாட்டு நிகழ்ச்சி பிறந்தபோது, மற்போருக்கு அதிலே நிலையான ஓரிடங் கிடைத்தது. உதைபந்தாட்ட முடிவுகளை வாசிக்குமுன் உள்ள முக்கால் மணிநேரம் மல்லர்க்கு உரியது. வர்ணனை செய்தவர் கென்ற் வோல்ற்றன். கெய்ரோவிலே பிறந்தவர். 1955 தொடக்கம் 1988 வரை அவர் குரலே அக்களத்தின் குரல். உரத்துப் பேசாத குரல் என்று சின்னையா எழுதுவார். மல்லன் ஒருவன் மற்றொருவனைத் தலைகீழாகத் தூக்கும்போதும், பக்கத்து வீட்டாரோடு கதைப்பவர்போலப் பேசுவாராம்.

விதிகளையும் சின்னையா வரிசையாக எழுதியிருந்தார். போர் ஐந்து நிமிடச் சுற்றுக்களாக நடைபெறும். இரு தோள்களும் நிலந் தோய, மூன்று எண்ணும்வரை அழுத்திவைத்தால் ஒரு வீழ்த்தல். பிடியின் நோவு பொறாது எதிரி பணிந்தால் அதுவும் ஒரு வீழ்த்தலுக்குச் சமம். மூன்றில் இரண்டு பெற்றவர் வென்றவர். பத்து எண்ணியும் எழாதவர் அக்கணமே தோற்றவர். முறைதவறுவோர்க்குப் பகிரங்க எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையோடு வெளியேற்றம். இவ்விதிகள் மவுண்டெவன்ஸ் பிரபுவின் பெயரால் வழங்குவன. அவர் கப்டன் ஸ்கொட்டின் தென்துருவப் பயணத்திற் சென்று மீண்ட கடற்படை வீரர். பனிப்பாலையைக் கண்டவர் பெயரை மற்களத்து விதிகளுக்கு இட்ட பொருத்தத்தைத் தந்தையார் வியந்து பேசியது நினைவிருக்கிறது.

களங்கள் பெரும்பாலும் நகர மண்டபங்கள். சில ஊர்களிலே பொது நீச்சற் குளத்தின்மேற் பலகை பரப்பி அதன்மேல் மேடை கட்டுவார்கள். முன்வரிசையிலே கிழவிமார் இருப்பார்கள். நெறிதவறிய மல்லன் கயிற்றோரம் வந்தால், கைப்பையாலும் குடையாலும் அடிப்பார்கள். இதைக் கேட்டு அப்பாச்சி அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

மல்லருள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாத்திரம். மிக் மக்மானஸ் கரிய காற்சட்டையும் கரிய தலைமயிருமாக வருவார்; நடுவர் காணாத வேளையில் அடிப்பார்; தம் காதை எவரேனும் தீண்டினாற் பதறுவார். அவர்க்கு நிலைத்த பகைவர் ஜாக்கி பலோ. பொன்மயிரும் கோடிட்ட உடையும் உடையவர். லெஸ் கெலற் என்பவர் களைத்துத் தள்ளாடுவார். இதோ வீழ்ந்தார் என்று எதிரி பாய, அவர் சற்றே குனிவார். எதிரி காற்றை அணைத்துக்கொண்டு கயிற்றில் மோதுவான். தலையால் மோதுவதிற் பேர்பெற்றவர் ஜொனி குவாங்கோ, கறுத்த நிறத்தவர். அவர் வென்ற கிழமைகளிற் சின்னையாவின் எழுத்துச் சற்றுப் பெரிதாக இருக்கும். கெண்டோ நாகசாகி முகமூடி அணிந்தவர். ஒரு சொல்லும் பேசாதவர். 1977 மார்கழியில், வுல்வர்ஹம்ரன் நகர மண்டபத்திலே, ஒரு சடங்குபோல அவர் தம் முகமூடியைக் களைந்தபோது எழுதப்பட்ட கடிதத்தை அப்பாச்சி இரண்டுமுறை வாசிப்பித்தார்.

எல்லாருக்கும் மேலானவர் பிக் டாடி. இயற்பெயர் ஷேர்லி கிராப்றீ. பெண்பெயரென இன்று பலரும் கருதும் அப்பெயர் தந்தையாரிடமிருந்து வந்தது. தந்தைக்கும் அதே பெயர். சாய்கதிரையின் உறைத்துணியிலே மனைவியார் தைத்துக்கொடுத்த உடையோடு களம் புகுந்தவர் என்பர். வயிற்றாலே மோதி வீழ்த்தி, பின் முழு உடம்போடும் மேல்விழுந்து அழுத்துவது அவர் முறை. 'எளிது, எளிது' என்று பொருள்பட மண்டபம் முழுவதும் ஆர்ப்பரிக்கும். அவர்க்கு எதிரி ஜயன்ற் ஹேஸ்ராக்ஸ். தாடியும் சடைமுடியுமாக மலைபோல் நிற்பவர். இருவரும் முன்னாளில் ஓரணியில் நின்றவர்கள், பின்னாளிற் பகைவரானவர்கள். 1981 ஆனி மாதம் வெம்பிளி அரங்கிலே இருவரும் பொருதனர். ஆண்டுக்கணக்கில் வளர்த்த பகை, மூன்று நிமிடம் நிறையுமுன் பிக் டாடியின் வெற்றியாக முடிந்தது. "அந்தப் பெரியவன் வெண்டானோ?" என்று அப்பாச்சி கேட்டார். வென்றான் என்று தந்தையார் சொன்னதும் எழுந்து சென்று விளக்கேற்றினார்.

தந்தையாருக்கு இதில் மதிப்பில்லை. "பொய்ச்சண்டை. முடிவை முன்னரே பேசிவைத்து ஆடுகிறார்கள்" என்பார். அப்பாச்சி விடுவாரா? "கோயில் வெளியிலை விடிய விடியக் கூத்துப் பாக்கிறம். துரியோதனன் சாகப்போறான் எண்டு எங்களுக்குத் தெரியாதே? அதுக்காக எழும்பி வாறமே?" என்பார். தந்தையார் பேசாதிருந்துவிடுவார்.

பிழை செய்தவன் யான்.

1985 ஆம் ஆண்டிலே ஜாக்கி பலோ ஒரு நூல் எழுதி, மற்போரின் உள்ளிரகசியங்களை வெளியிட்டார். எங்கள் ஆங்கில ஆசிரியர் அச்செய்தியை வகுப்பிலே சொன்னார். எனக்கு வயது பதினேழு. தர்க்கசங்கிரகம் படிக்கத் தொடங்கிய காலம். பொய்யென்று கண்டதைப் பொய்யென்று சொல்லாவிட்டால் உறக்கம் வராத பருவம். நாட்டு நிலையால் அஞ்சல் அருகிய அந்நாளிலே, கிடைத்த வான்கடிதம் ஒன்றை இதற்கே செலவிட்டேன். படித்த மனிதராகிய தாங்கள் இத்தனை ஆண்டும் ஒரு பொய்யை மெய்யென நம்பி எங்களையும் நம்பவைத்தீர்கள் என்று எழுதினேன். நல்ல தமிழிலே எழுதினேன். அதுவும் ஒரு குற்றம்.

மறுமொழி வந்தது. நலம் விசாரிப்பு இருந்தது. காசு விவரம் இருந்தது. நடுவிலே ஒன்றும் இல்லை. அதன்பின் எந்தக் கடிதத்திலும் மற்போர் வரவில்லை. "அவன் பெரியவன் இப்ப சண்டை பிடிக்கிறேல்லையோ?" என்று அப்பாச்சி சிலமுறை கேட்டார். யான் வாய்திறக்கவில்லை. 1987 இல் அவர் காலமானார்.

அங்கே நிகழ்ச்சியும் தேய்ந்துகொண்டிருந்தது. 1985 புரட்டாதியோடு 'வேள்ட் ஒவ் ஸ்போட்' நின்றது. மற்போர் தனித்து, நேரம் மாறி மாறித் தொடர்ந்து, 1988 மார்கழியோடு ஐ.ரி.வி.யை விட்டு நீங்கியது. இதற்கிடையில், 1987 ஆவணியிலே, கிரேற் யார்மத் என்னும் கடற்கரை நகரில் ஒரு துயரம் நிகழ்ந்தது. மல் கேர்க் என்னும் மல்லர், பிக் டாடி வழக்கம்போல் மேல்விழுந்து முடித்த போரின்பின் எழவில்லை, இறந்துபோனார். அவர்க்குக் கடிய இருதயநோய் இருந்ததென விசாரணையிற் கண்டு, பிக் டாடிமேற் குற்றமில்லை என்றார்கள். முடிவு பேசிவைத்ததாயிருக்கலாம். வீழ்ந்த உடம்பு உண்மையான உடம்பு.

2022 ஆம் ஆண்டுக் கோடையிலே இலண்டன் செல்ல நேர்ந்தது. சின்னையா எழுபது வயதைத் தாண்டிவிட்டார். ஒரு பின்னேரம் பழைய பதிவுகளை அவரே எடுத்துக் காட்டினார். நாற்பது ஆண்டுகளாக என் மனத்துள் இருந்தவர்களை அன்றுதான் கண்ணாற் கண்டேன். லெஸ் கெலற் தள்ளாடினார், நான் சிரித்தேன். பிக் டாடி வந்தபோது ஒரு சிறு பெண் கயிற்றோரம் ஓடிவந்து கைநீட்டினாள். ஏனோ கண் கலங்கியது. படம் ஓடிக்கொண்டிருக்க, 1985 ஆம் ஆண்டுக் கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "எனக்குத் தெரியாதே, தம்பி? அவ்வளவு பெரிய உடம்பு உண்மையாய் மேலை விழுந்தால், அடுத்த கிழமை ஆர் எழும்பி வாறது? வீட்டுக்கார மனிசிக்கும் தெரியும். நாங்கள் அதைப்பற்றி ஒருநாளும் கதைச்சதில்லை. சனிக்கிழமை நாலு மணிக்கு அவ கதவைத் தட்டுவா. கீழை போவன். தேத்தண்ணி ஊத்தித் தருவா. கிழமை முழுக்க என்னோடை ஆரும் கதையாத ஊரிலை, அந்த முக்கால் மணித்தியாலம் இரண்டு பேரும் ஒண்டாய்ச் சிரிப்பம்."

"பின் ஏன் எழுதுவதை நிறுத்தினீர்கள்?" என்றேன்.

"நீ வளந்திட்டாய் எண்டு நினைச்சன்."

சிறிது பொறுத்து, "தொழிற்சாலையைப் பற்றி எழுதினால் அம்மா அழுவா. சண்டையைப் பற்றி எழுதினால் சிரிப்பா. அதுதான் எழுதினது" என்றார்.

இலக்கியம் கற்றவன் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு இது முன்னரே விளங்கியிருக்கவேண்டும். உலகில் நடப்பதை நடந்தபடி கூறுவது உலகியல் வழக்கு. அங்கங்கே சிதறிக்கிடக்கும் சுவையானவற்றை ஓரிடத்தே தொகுத்து நிகழ்த்திக் காட்டுவது நாடக வழக்கு. தொல்காப்பியர் நாடக வழக்கைப் பொய்யென்று தள்ளவில்லை. புலவர் நெறிக்கு அதனையும் ஒரு காலாக வைத்தார். பிரெஞ்சு அறிஞர் ரோலன்ட் பார்த், தமது நாட்டு மற்போரைப் பற்றி 1957 இல் வெளிவந்த நூலிலே, இது விளையாட்டன்று, காட்சியே எனக் கூறி, கிரேக்க நாடகத்தோடு ஒப்பிட்டார். கூத்துப் பார்த்த எங்கள் அப்பாச்சி அந்நூலைப் படியாமலே அவ்விடத்தை அடைந்திருந்தார்.

மற்போர் நம் புலவர்க்கும் புதிதன்று. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் புறநானூற்றிலே பாடியுள்ளார். ஒருகால் எதிரியின் மார்பை அழுத்த, மறுகால் அவன் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்னே வளைந்த நிலையை அவர் காட்டும் திறம், வோல்ற்றனின் வர்ணனைக்குச் சிறிதும் குறைந்ததன்று. அதே போரைக் கண்ட நக்கண்ணையாரோ, வென்றான் என்பாரும் இல்லை என்பாருமாக ஊர் இரண்டுபட்டதைப் பாடினார். மற்களத்தைச் சூழ்ந்தோர் அன்றும் அப்படியே இருந்திருக்கிறார்கள்.

'மெய்' என்னும் சொல்லுக்கு உடம்பு என்றும் உண்மை என்றும் இரு பொருள் உண்டு. உள்ளத்து உணர்ச்சி உடம்பிலே தோன்றுவது மெய்ப்பாடு. பிக் டாடி 1997 இலும், ஹேஸ்ராக்ஸ் 1998 இலும் மறைந்தனர். அவர்கள் பகை பொய். அதைக் கண்டு இலண்டனில் ஒரு மூதாட்டியும் ஓர் இளைஞரும் சிரித்த சிரிப்பும், ஐயாயிரம் மைல்களுக்கு அப்பால் ஒரு தாய் ஏற்றிய விளக்கும் பொய்யல்ல.

இப்பொழுது மெய்ப்பாட்டியல் பாடஞ் சொல்லும்போது, நகைச்சுவைக்கு உதாரணமாக லெஸ் கெலற் தள்ளாடிய கதையைச் சொல்கின்றேன். மாணவர் சிரிக்கின்றனர். சென்ற தவணையில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அது உண்மையாக நடந்த சண்டையா?" என்று கேட்டான். "முதலிற் சிரித்து முடி; பிறகு சொல்கிறேன்" என்றேன்.