இடுப்பில் ஒரு கத்தி: பார்த்து வாங்குவது எப்படி?



அருவாள் இல்லாத விவசாயி வீடு நம் பக்கம் கிடையாது. கதிர் அறுக்க ஒன்று, விறகு வெட்ட ஒன்று, தேங்காய்க்கு ஒன்று என்று மூன்று நாலு கூடக் கிடக்கும். ஆனால் கழுத்துக் கயிறு இறுகி, கன்றுக்குட்டி மூச்சுக்குத் திணறுகிற நேரத்தில் அந்த அருவாள் எங்கே இருக்கும்? வீட்டு எரவாணத்தில் செருகியிருக்கும். ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் காரியம் கெட்டுவிடும். கையில் கிடைத்தாலும், வளைந்த மூக்குள்ள கனமான அருவாளைக் கன்றின் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் விட்டு அறுப்பது ஆபத்து.

அதனால்தான் தோட்டத்துக்கும் மலைக்கும் போகிறவர்கள் இடுப்பில் ஒரு சின்னக் கத்தி வைத்திருக்க வேண்டும். மடக்குக் கத்தி போதாதா என்று கேட்கலாம். அதைத் திறக்கப் பெரும்பாலும் இரண்டு கை வேண்டும். ஒரு கை மாட்டைப் பிடித்திருக்கும்போது இன்னொரு கைக்கு எங்கே போவது? மூட்டில் சேறு புகுந்தால் திறக்காது. அழுத்தினால் திடீரென்று விரல்மேல் மடங்கவும் செய்யும். மடங்காத, உறையில் போட்ட கத்தியே அவசரத்துக்கு ஆகும். அதை எப்படிப் பார்த்து வாங்குவது? பளபளப்பையும் நீளத்தையும் பார்த்து வாங்காதீர்கள்.

முதலில் பிடியைப் பாருங்கள்

கத்தி பெரும்பாலும் அலகு நடுவில் ஒடிவதில்லை. பிடியும் அலகும் சேருகிற இடத்தில்தான் ஒடியும். ஆகவே இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று கேளுங்கள். பிடியின் கடைசி வரை போய், இரண்டு பக்கமும் கட்டை வைத்து ஆணி அடித்திருந்தால் மிகவும் நல்லது. அல்லது இரும்பு கட்டைக்குள்ளேயே ஓடி, அடியில் வெளியே வந்து, நுனியை அடித்து மடக்கியிருக்க வேண்டும். காடு நிறைந்த பின்லாந்து நாட்டில் உழவரும் மரம் வெட்டுவோரும் காலங்காலமாக இடுப்பில் வைத்திருக்கும் 'பூக்கோ' என்ற சின்னக் கத்தியிலும் இந்த முறை உண்டு. ஒரு அங்குல இரும்பைக் கட்டையில் செருகி அரக்கு ஊற்றிய கத்தி மாம்பழம் நறுக்கத்தான் ஆகும்.

பிடி உள்ளங்கை நிறைய இருக்கட்டும். சோப்புத் தண்ணீரில் கையை நனைத்துப் பிடித்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு விரல் வாய்ப்பக்கம் போனால் அந்தக் கத்தி வேண்டாம்.

அளவு எவ்வளவு?

அலகு 4 அங்குலம் போதும். 5 அங்குலத்துக்கு மேல் வேண்டியதில்லை. முதுகு சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்பு, அதாவது இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கின அளவு இருக்கட்டும். ஒரு பக்கம்தான் வாய் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கூரான கத்தி குத்துவதற்கு. நமக்கு அது எதற்கு?

இந்தக் கத்தி மரம் வெட்டாது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்து டெல்டாவில் தென்னைகள் சாய்ந்து கிடந்தனவே, அப்படிப்பட்ட வேலைக்கு அருவாளும் ரம்பமும்தான் வேண்டும். ஆனால் தார்ப்பாயின் கயிற்றை அறுக்க, துணியைக் கிழிக்க, குச்சியைச் சீவ இது போதும்.

இரும்பு எப்படி?

துரு ஏறுகிற கரி எஃகு, துருப்பிடிக்காத எஃகு என்று இரண்டு வகை. முதல் வகையை வீட்டுச் சாணைக்கல்லிலேயே சுலபமாகத் தீட்டலாம். லாரி ஸ்பிரிங் பட்டையில் நம் ஊர்ப் பட்டறைகளில் அடிப்பது இந்த வகைதான். கடற்கரைப் பக்கமும் உப்பளத்திலும் இருப்பவர்களுக்கு இரண்டாவது வகை சௌகரியம். ஆனால் பாத்திரம் செய்கிற எவர்சில்வர் தகடு கத்திக்கு ஆகாது. காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாவிட்டால் வாங்காதீர்கள்.

பட்டறையில் அடிக்கக் கொடுத்தால் ஆசாரியிடம் துவைச்சல் பற்றிப் பேசுங்கள். காய்ச்சின இரும்பைத் தோய்த்து எடுத்ததோடு விட்டால் அது கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தாலே உடையலாம். தோய்த்தபின் துலக்கி, மறுபடி லேசாகச் சூடு காட்டி, வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். அப்போதுதான் வாயும் நிற்கும், அலகும் உடையாது. வாங்கும்போது பிடியோரத்தில் அரத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். அரம் ஆழமாகக் கடித்துப் பொடி கொட்டினால் இரும்பு இளசு. வழுக்கிக்கொண்டு லேசாகப் பிடித்தால் துவைச்சல் ஏறியிருக்கிறது.

தீட்டுவது, பாதுகாப்பது

மழுங்கின கத்திதான் கையை வெட்டும். அதிகம் அழுத்துவதால் வழுக்கிவிடும். கல்லை நனைத்து, அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கி, அதே சாய்வில் இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டுங்கள். சக்கரச் சாணையில் கொடுத்தால் அடிக்கடி தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள். வாயில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் துவைச்சல் போய்விட்டது என்று அர்த்தம்.

வேலை முடிந்ததும் வாழைக்கறை, பால், மண் எல்லாவற்றையும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வீட்டில் தோல் உறைக்குள்ளேயே வைக்காதீர்கள்; தோல் ஈரத்தை இழுத்துத் துரு ஏற்றும். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அவசரத்தில் செய்யக்கூடாதவை

பாம்பு கடித்தால் கடிவாயைக் கத்தியால் கீறவே கூடாது. கீறினால் விஷம் வெளியேறாது. ரத்தப்போக்கும் சீழும்தான் மிஞ்சும். கயிறு போட்டு இறுக்கவும் வேண்டாம். கடித்த காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உயிரைக் காப்பது அந்த மருந்துதான்.

அறுந்து தொங்கும் மின்கம்பியைக் கத்தியால் தொடாதீர்கள். பிடி முழுக்க இரும்பு ஓடுகிறது என்று சொன்னோமே, அது வழியாக மின்சாரமும் ஓடும். கதிரடிக்கும் இயந்திரத்திலோ மோட்டார் பெல்ட்டிலோ வேட்டி, சேலை மாட்டிக்கொண்டால் முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். பிறகு துணியை அறுங்கள்.

எதை அறுத்தாலும் தொடையை நோக்கி இழுக்காதீர்கள். உள்தொடையில் பெரிய ரத்தக்குழாய் இருக்கிறது. வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பூசி பற்றியும் அங்கே கேளுங்கள்.

இன்னொரு விஷயம். உழவுக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஆன கருவிகளை 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதமாகக் கணக்கிடுவதில்லை. அதற்காகப் பஸ்ஸிலும் திருவிழாவிலும் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு போகலாமா? கூடாது. உறையில் போட்டுப் பையில் வையுங்கள். காப்புக் காட்டு வழியாக மலைக்குப் போவதானால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, கையில் அடங்குகிற அளவு, கடைசி வரை ஓடின இரும்பு, ஒரு பக்க வாய், மாறாத கூர்மை, இந்த நாலும் இருந்தால் அதுதான் நல்ல கத்தி. இன்று சாயங்காலம் உங்கள் வீட்டிலுள்ள கத்தியை எடுத்துப் பிடியை ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நாளைக்கே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.