உங்களுக்குத் தெரியுமா? நிலத்தை அளக்கும் பயிர்

பிரேசில் மக்களின் அன்றாட உணவாகிய பீன்ஸில், ஒரு பிரதேசத்தில் முதலிடம் பெற்ற ரகம், மழையும் மண்ணும் வேறான மற்றொரு பிரதேசத்தில் கடைசிக்கு இறங்கிவிடுவது சகஜமாகையால், அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள், 1963-ல் ஃபின்லே, வில்கின்சன் என்னும் இருவர் ஆஸ்திரேலியாவில் பார்லிப் பயிரைக் கொண்டு, ரகங்கள் பல நிலங்களில் விளைவதை ஒப்பிட வகுத்த முறையையும், அதன் வழிவந்த முறைகளையும் கையாண்டு வந்திருக்கிறார்கள். அதன் விசேஷம் யாதெனில், நிலத்தின் தராதரத்தை மழைமானியாலோ மண் பரிசோதனையாலோ நிர்ணயிக்காமல், அங்கே விதைத்த சகல ரகங்களின் சராசரி மகசூலையே அளவுகோலாகக் கொள்வதுதான். பயிரே நிலத்தை அளந்து சொல்கிறது! ஒவ்வொரு ரகத்தின் மகசூலையும் அந்தச் சராசரிக்கு எதிராக ஒரு நேர்கோடாக வரைந்தால், சராசரியோடு சமமாக ஏறியிறங்கும் ரகத்தின் கோட்டுச் சரிவு 1. அதற்கு மேற்பட்டது செழித்த நிலத்துக்கு உகந்தது. குறைந்ததோ, வறண்ட நிலத்திலும் அதிகம் தளராதது. 1966-ல் எபர்ஹார்ட், ரஸ்ஸல் இருவரும், ரகம் அந்தக் கோட்டைவிட்டு எவ்வளவு விலகுகிறது என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். ஒரே போகத்தை நம்பியிருக்கும் குடியானவனுக்கு, உச்ச மகசூலைவிட இந்த விலகலைக் காட்டும் எண்ணே பிரதானமென்பது என் அபிப்பிராயம்.