இடி முழங்கினால் ஆட்டம் நிற்கட்டும்

சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழை கொழும்புத்துறை வாசிகளுக்குப் புதிதன்று. கடலோர வெளியிலே இளைஞர் துடுப்பாடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். வெற்றிக்கு இன்னும் பத்து ஓட்டங்களே வேண்டும். தென்திசையில் வானம் கறுத்து மின்னுகிறது. “இன்னும் ஓர் ஓவர்” என்று இரு தலைவர்களும் கேட்கின்றனர். மத்தியஸ்தர் இணங்கலாமா?

இணங்கலாகாது. 2017ஆம் ஆண்டின் துடுப்பாட்ட விதிகளில் இரண்டாம் விதி இதைத் தெளிவாக்குகிறது. ஆட்டம் ஆபத்தானதென இரு மத்தியஸ்தர்களும் ஒருமித்துக் கருதினால் அதனை உடனே நிறுத்த வேண்டும். அத்தீர்ப்பு அவர்களுக்கே உரியது. தலைவர்களின் சம்மதம் வேண்டியதில்லை.

அந்த அதிகாரத்தைக் காலத்தோடு பயன்படுத்துவதே முக்கியம். பெரு நாட்டில் 2024 நவம்பர் 3ஆம் திகதி மழையும் இடியும் கண்டு ஓர் உதைபந்தாட்டம் நிறுத்தப்பட்டது. வீரர்கள் வெளியேறிக்கொண்டிருக்கையிலேயே மின்னல் தாக்கி ஒருவர் மாண்டார். வேறு சிலர் காயமுற்றனர்.

காலத்தை அறிவது எப்படி? மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீற்றர் செல்ல ஏறக்குறைய 3 விநாடியாகும். 30 விநாடிக்குள் இடி கேட்டால், மின்னல் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது, ஆட்டம் நிற்கவேண்டும். மின்னலே காணாவிடினும் இடி கேட்டால் ஒதுங்குவதே நன்று. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்னரே மீண்டும் மைதானத்தில் இறங்கலாம்.

ஒதுங்குமிடம் பனையடியன்று, உயர்ந்த மரத்தையே மின்னல் பெரும்பாலும் நாடும். கட்டடத்தினுள்ளோ மூடிய மோட்டார் வண்டியினுள்ளோ செல்லுங்கள்.

மாணவர்களே, மத்தியஸ்தர் கையுயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினால் முணுமுணுக்காதீர். எஞ்சிய பத்து ஓட்டங்களை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.