சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்கும் ஜன்னல்: தெரியுமா உங்களுக்கு?

சென்னைக்கு வடக்கே செங்குன்றம் தாண்டினால் சோழவரம், காரனோடை என்று மனை மனையாக வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. புதிதாக வீடு கட்டுகிறவர்களில் சிலர் ஆசையாய்க் கேட்பது பே விண்டோ. சுவரோடு ஒட்டி நிற்காமல், மூன்று பக்கமும் திறப்போடு வெளியே நீண்டு நிற்கும் ஜன்னல். வெள்ளைக்காரர் பாணி என்றுதானே நினைக்கிறீர்கள்? மேலே படியுங்கள்!

ராஜா தேர் பார்த்த ஜன்னல்!

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. திருவிதாங்கூர் மன்னர்கள் இருந்து ஆண்ட இடம். அங்கே மாடியிலிருந்து வெளியே நீளும் மர ஜன்னல் ஒன்று உண்டு. அம்பாரி முகப்பு என்று பெயர். யானை மேல் வைக்கும் அம்பாரியைப் போலவே செய்திருக்கிறார்கள்! தேரோட்டம் வந்தால் மன்னர் அதில் உட்கார்ந்தே பார்ப்பாராம். அதே அரண்மனையில் மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் ஜன்னல்களில் வண்ண வண்ண மைக்கா. வெளிச்சம் உள்ளே வரும், வெயிலின் சூடு அடங்கிவிடும். இன்னொரு வியப்பு: அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை!

கல் ஜன்னலில் முகம் தெரியும், பார்த்திருக்கிறீர்களா?

மாமல்லபுரத்து ரதங்களின் கூரை விளிம்பை அடுத்த முறை அண்ணாந்து பாருங்கள். குதிரை லாடம் போன்ற வளைவுகள் வரிசையாக இருக்கும். கூடு என்பார்கள். பலவற்றுக்குள்ளிருந்து ஒரு முகம் எட்டிப் பார்க்கும்! 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி, ஆள் குடியேறவே முடியாத ஒற்றைக் கல்லிலும் ஜன்னல் வைத்து, அதில் ஆளையும் நிறுத்திவிட்டான்.

ஒரே மாளிகையில் 953 ஜன்னல்கள்!

ஜெய்ப்பூர் ஹவா மஹால், 1799இல் சவாய் பிரதாப் சிங் கட்டியது. ஐந்து அடுக்கு, 953 சிறு ஜன்னல்கள். அரண்மனைப் பெண்கள் வெளியே தெரியாமல் வீதி உலாவைப் பார்க்கவும், காற்று சிலுசிலுவென்று உள்ளே வரவும் சேர்த்துச் செய்த ஏற்பாடு.

ஜன்னலே ஃபிரிட்ஜ் ஆனது தெரியுமா?

எகிப்தின் கெய்ரோவில் மஷ்ரபியா என்ற மரச்சல்லடை ஜன்னல்கள் தெருவின் மேல் நீண்டிருக்கும். அந்தக் காலத்தில் அதற்குள் மண்பானையில் தண்ணீர் வைப்பார்கள். சல்லடை வழியே வரும் காற்று பட்டுப் பானையில் கசியும் ஈரம் ஆவியாக, தண்ணீரும் குளிரும், அறையும் குளிரும். கரண்ட் பில்லே கிடையாது!

ஜன்னலுக்கு வரி கட்டிய நாடு எது?

இங்கிலாந்து! 1696 முதல் 1851 வரை ஜன்னலை எண்ணி வரி வாங்கினார்கள். வரிக்குப் பயந்து பலர் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். வரி போனது, கண்ணாடி விலையும் குறைந்தது. விக்டோரியா காலத்து வரிசை வீடுகளில் பே விண்டோ பெருகியது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலும் குறுகிய மனைகளில் நெருக்கிக் கட்டிய வீடுகளுக்கு வெளிச்சம் தந்தது இதே ஜன்னல்தான்.

சரி, சோழவரத்துக்கு இது எதற்கு?

காற்றுக்கு! கோடையில் பிற்பகலுக்கு மேல் கிழக்கிலிருந்து கடல்காற்று வருகிறது. சாதாரண ஜன்னலுக்கு அது நேராக வந்தால்தான் உண்டு. சுவரை உரசிக்கொண்டு போகும் காற்றையும் பே விண்டோவின் பக்கக் கதவு மடக்கி உள்ளே அனுப்பும். எதிர்ச்சுவரில் வெளியேற ஒரு திறப்பு இருந்தால் போதும், அறை முழுக்கக் காற்றோட்டம்தான்.

எவ்வளவு திறப்பு வேண்டும்?

நம்மைப் போல் வெக்கையும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களில், கதவு நீங்கலாக, அறைத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 10க்கு 12 அறை என்றால் 20 சதுர அடி! உங்கள் அறையை இன்றே அளந்து பாருங்கள்.

வீடு கட்டப் போகிறவர்களே, லிண்டல் மட்டம் வந்த பிறகு யோசிக்காதீர்கள், பிளான் போடும்போதே கேளுங்கள். கிழக்கு அல்லது தெற்குப் பக்கம் வையுங்கள். மேற்கு வேண்டவே வேண்டாம், கத்திரி வெயில் உள்ளே குடிவந்துவிடும். மேலே அகலமான சன்ஷேட், மூன்று பக்கமும் திறக்கும் கதவு, உள்ளே ஒன்றரை அடி உயரத்தில் ஒரு திண்டு. செட்பேக்கில் எவ்வளவு நீட்டலாம் என்பதை மட்டும் இன்ஜினியரிடம் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கும் ஏசிக்கு முன்னால், கடல் அனுப்பும் காற்றுக்கு ஒரு வழி விடுங்கள்!