வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்

டீ ஆறுவதற்குள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டுச் செம்மநத்தத்தில் மலை சரிந்து வீடு போனால் இன்சூரன்ஸ் கிடைக்குமா? கிடைக்கும். 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கென்று நாடு முழுக்க ஒரே வாசகத்தில் விற்கப்படும் பாலிசி ‘பாரத் கிருஹ ரக்ஷா’. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், காட்டுத்தீ, நிலச்சரிவு, பாறைச்சரிவு எல்லாம் அதன் அடிப்படையிலேயே அடக்கம்.

அரசு கொடுக்காதா என்பீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காடு மலைப்பாதையில் மண்ணையும் பாறையையும் தள்ளியது. அதே மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலை சரிந்து 7 பேர் இறந்தார்கள். இப்படி வீடு முழுதாக இடிந்தால், 2024இல் இருந்த மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிப்படி மலைப்பகுதிக்கு 1,30,000 ரூபாய். இன்றைய சிமென்ட், கம்பி விலையில் அதை வைத்து வீடு எழும்பாது.

பாலிசித் தொகை, மறுபடி கட்ட ஆகும் செலவைப் பொறுத்தது. 800 சதுர அடி, அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் 16 லட்சம். வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதாவது 3,20,000 ரூபாய், தானாகவே சேரும். உச்சவரம்பு 10 லட்சம். நகைக்குத் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். நிலத்தின் விலை இதில் வராது. சரிவோடு மனையே போய்விட்டால் அந்த இழப்பு நம்முடையதுதான்.

இனிச் சொல்வதை நிதானமாகக் கேளுங்கள். மலையில் வீடு எப்படிக் கட்டுகிறோம்? சரிவை ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணையே எதிர்ப்பக்கம் கொட்டிச் சமன் செய்து, மேலே அஸ்திவாரம் போடுகிறோம். பாலிசியின் விலக்குகள் சரியாக இந்த இரண்டு பக்கத்திலும் வந்து நிற்கின்றன. கொட்டி நிரப்பிய மண் அமுங்கியோ நகர்ந்தோ சுவர் பிளந்தால் பணம் இல்லை. கட்டட வேலையாலோ, மண் தோண்டியதாலோ சரிந்தாலும் இல்லை. கோளாறான வடிவமைப்பு, மட்டமான பொருள், புதுக் கட்டடம் இறங்குவதால் வரும் சாதாரண விரிசல் ஆகியவையும் வெளியேதான். சமவெளிக்காரர் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடலாம். ஏற்காட்டுக்காரர் இவற்றைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்தால் காரணத்தைத்தான் தேடுவார்: மழையில் மலை சரிந்ததா, வெட்டியதால் சரிந்ததா? ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே வீட்டைச் சுற்றிப் படம் எடுத்து வையுங்கள். பின்பக்கத் தடுப்புச்சுவர், அதில் தண்ணீர் வடிய விட்ட துளைகள், மேலிருந்து வரும் நீரைத் திருப்பும் கால்வாய், மூன்றும் படத்தில் தெரியட்டும். கட்டட அனுமதி, கொத்தனாருக்குக் கொடுத்த பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பக்கத்து இடத்தில் ஜேசிபி இறங்கினால் அன்றைக்கே தேதியோடு படம் எடுங்கள். பிறகு வாதம் வரும்போது அதுதான் பேசும். காட்டுக்குள் கிடக்கும் வீட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிடுபவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

பணம் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனிக்கே புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லை என்றாலும், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.