முற்றத்தில் தொடங்கிய கல்வி



தொடக்கப்பள்ளி ஆசிரியனாக நான் பணிபுரிந்த காலத்தில் செய்த பிழைகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. பள்ளிப் பருவத்திற்கு முந்திய சின்னஞ்சிறு குழந்தைகளின் கல்வியைப் பற்றிப் பேச வந்த இடத்தில், அந்தப் பிழையிலிருந்து தொடங்குவதே முறையென்று எண்ணுகிறேன்.

1981-ஆம் ஆண்டு, ஆற்றுப் பாசனமுள்ள ஒரு சிற்றூர். என் நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. நடவுக் காலம் வந்ததும், இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு வகுப்பிற்கு வரத் தொடங்கினாள். பெற்றோர் இருவரும் வயலுக்குச் சென்றுவிட்டால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. தம்பி அழுவான், வகுப்பு கலையும். ஒருநாள் நான் பொறுமையிழந்து, "பள்ளிக்கூடம் தொட்டில் கட்டும் இடமா? அவனை விட்டுவிட்டு வருவதானால் வா" என்று கடிந்துகொண்டேன். மறுநாள் அவள் வரவில்லை. நான் தேடிச் சென்றபோது அவள் தாய் கோபப்படவில்லை. "நான் வயலுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது, ஐயா. பிள்ளையை எங்கே விட?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

மறு ஆண்டு, 1982 ஜூலை முதல் நாள், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. ஊர்ப்புறங்களில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் மையங்கள் அமைத்து உணவளிப்பது அத்திட்டத்தின் ஒரு பகுதி. எங்கள் ஊரிலும் ஒரு மையம் வந்தது. தம்பி அங்கே சென்றான்; அக்காள் என் வகுப்பிற்குத் திரும்பினாள். ஆனால் அவளுடன் படித்தவர்கள் அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தனர். நான் கடிந்து தீர்க்க முயன்ற குறையை ஓர் ஓட்டுக் கட்டடமும், ஓர் ஆசிரியையும், ஓர் ஆயாவும் தீர்த்து வைத்தனர்.

இவ்வுண்மையை நெடுங்காலத்திற்கு முன்னரே கண்டவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். 1920-இல் குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்பவர் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியை நிறுவினார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார், 1945-இல் பம்பாய்க்கு வடக்கேயுள்ள போர்டி என்னும் கடலோர ஊருக்குச் சென்று ஒரு குழந்தைப் பள்ளி தொடங்கினார். வசதியுள்ள வீட்டுக் குழந்தைகள் வந்தனர். ஒதுக்கப்பட்ட மக்களின் குழந்தைகள் வரவில்லை. குழந்தை பள்ளிக்கு வாராவிடில் பள்ளி குழந்தையிடம் செல்லட்டும் என்று முடிவு செய்த அம்மையார், அம்மக்கள் குடியிருப்பின் முற்றத்திலேயே வகுப்பை நடத்தினார். முற்றத்தில் நடந்ததால் அதற்கு அங்கன்வாடி என்று பெயர் வந்தது. பின்னர் கோஸ்பாடு என்னும் மலைப்பகுதியில், குழந்தைக் காப்பகம், குழந்தைப் பள்ளி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் அமைத்தார். தம்பி தங்கையரைச் சுமக்கும் சிறுமியர் படிப்பை இழக்கலாகாது என்பதே அந்த அமைப்பின் கருத்து. இச்செய்தியை நான் படித்தபோது, என் வகுப்பறை வாயிலில் இடுப்பில் பிள்ளையோடு நின்ற சிறுமியின் முகம் என் கண்முன் வந்தது.

இனி, அரசு செய்தவற்றைப் பார்ப்போம். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் இந்திய அரசு, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 இடங்களில் தொடங்கியது. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் மருத்துவத்திற்கு அனுப்புதல், தாய்மாருக்கு உணவும் நலமும் பற்றிய அறிவுரை, முன்பருவக் கல்வி என ஆறு பணிகள் ஒரே கூரையின்கீழ் வந்தன. பசித்த குழந்தைக்குப் பாடம் ஏறாது. நோயுற்ற குழந்தைக்கு உணவும் ஒட்டாது. ஆகவே ஆறையும் பிரிக்கலாகாது என்பது அதன் அடிப்படை. 2006-இல் உச்ச நீதிமன்றம், நாட்டின் எந்தக் குடியிருப்பும் விடுபடாதவாறு மையங்களைப் பெருக்க ஆணையிட்டது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன.

இம்மையங்களில் குழந்தைகள் விளையாடுகிறார்களே, இதுவா கல்வி என்று சிலர் கேட்பதுண்டு. நானும் அவ்வாறு கேட்டவனே. புளியங்கொட்டையையும் சோழியையும் வேறு வேறாகப் பிரித்து வைக்கும் குழந்தை, வகைப்படுத்தும் அறிவைப் பெறுகிறது. ஒவ்வொன்றாக எண்ணிக் குழியில் இடும்போது, எண் என்பது வாயால் ஒப்பிக்கும் சொல் அன்று, பொருளின் அளவு என்பதை உணர்கிறது. களிமண்ணைப் பிசையும் விரல்கள் பின்னாளில் எழுதுகோலைப் பிடிக்க வலுப்பெறுகின்றன. கதை கேட்கும் செவி, நூறு புதிய சொற்களுக்கு இடம் தருகிறது. மூளையின் வளர்ச்சியில் 85 விழுக்காட்டிற்கும் மேல் ஆறு வயதிற்குள் நிகழ்ந்துவிடுகிறது என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. விரல் வலுப்பெறுமுன் எழுத்தைத் திணிப்பது, நாற்று வேர் பிடிக்குமுன் கதிரைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

ஆயினும் மையங்களைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? உணவு, எடை பார்த்தல், பதிவேடு, வீடு வீடாகச் செல்லுதல் ஆகிய அனைத்தும் ஒரே பணியாளரின் தோளில் விழுந்தால், கற்பிக்க நேரம் எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு பொருளியல் அறிஞர்கள் ஓர் ஆய்வு நடத்தினர். அவற்றுள் பாதி மையங்களில் கற்பித்தலுக்கென்றே கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளர் அமர்த்தப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரு மடங்காயிற்று. குழந்தைகளின் மொழி அறிவும் கணக்கறிவும் உயர்ந்தன. இன்னொரு பயனும் விளைந்தது. முன்பிருந்த பணியாளருக்கு ஊட்டப் பணிக்கு நேரம் கிடைத்ததால், குழந்தைகளின் உடல் வளர்ச்சிக் குறையும் தணிந்தது.

இப்பணியாளர்களை அரசு நெடுங்காலமாக ஊழியர் என்று கொள்ளவில்லை. மதிப்பூதியம் பெறும் தொண்டர் என்றே கொண்டது. பணிக்கொடை பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022-இல்தான். தம் உழைப்பிற்கு உரிய பெயரைக்கூட அவர்கள் எத்தனை ஆண்டுகள் காத்திருந்து பெற வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சட்டத்தின் நிலையையும் நீங்கள் அறிதல் வேண்டும். 2002-இல் நிறைவேறிய 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதிற்குட்பட்டோரின் கல்வியோ, அரசு முயல வேண்டிய வழிகாட்டு நெறியாகவே வைக்கப்பட்டது. உரிமை என்றால் வழக்காடிப் பெறலாம். நெறி என்றால் நினைவூட்டியே பெற வேண்டும். வாக்கில்லாத, வாய் திறந்து கேட்கவும் அறியாத மூன்று வயதுக் குழந்தைக்காக யார் நினைவூட்டுவது? நீங்கள்தாம் அன்றோ?

1984-இல் அந்தத் தம்பி என் முதல் வகுப்பிற்கு வந்தான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பலர் தாயின் புடவைத் தலைப்பை விடாமல் அழுதுகொண்டிருக்க, அவன் தானே வந்து அமர்ந்தான். நான் பலகையில் மூன்று வட்டங்கள் வரைந்தேன். "மூன்று" என்று சொல்லிவிட்டு, "இன்னொன்று போட்டால் நான்கு, ஐயா" என்றான். ஒருவரும் அவனைக் கேட்கவில்லை.

அவனுக்கு அந்த மையம் இரண்டு ஆண்டுகளைக் கூட்டிக் கொடுத்தது. அது ஓராண்டு முன்னரே வந்திருந்தால், அவன் அக்காள் தன் ஓராண்டை இழந்திருக்க மாட்டாள். உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு ஒருநாள் காலையில் சென்று பாருங்கள். அங்கே எத்தனை குழந்தைகள் இருக்கின்றனர் என்பதோடு, எத்தனை பேர் வரவில்லை, அவர்களை வீட்டில் யார் சுமந்துகொண்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.